பூவும் வண்டும் ஒரு பள்ளியாசிரியரும்

1879-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பெர்லின் மாநகரில் கூடியிருந்த பிரஷ்ய நாட்டுப் பிரதிநிதிகள் சபை, ஒரு பள்ளி வகுப்பறையில் வாசிக்கப்பட்ட சில வரிகளைப் பற்றிச் சூடாக வாதிட்டது. வாசித்தவர் அமைச்சரோ பேராசிரியரோ அல்லர். வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் லிப்பே ஆற்றங்கரையில் அமைந்த லிப்ஷ்டாட் என்னும் சிறு நகரில், கால் நூற்றாண்டாகப் பிள்ளைகளுக்கு இயற்கை அறிவியல் கற்பித்துவந்த ஹெர்மன் மியுல்லர் என்ற ஆசிரியர் அவர். நாட்டின் நிதியையும் நீதியையும் பேசவேண்டிய அவை, ஓர் ஆசிரியரின் வகுப்பறைக்குள் எட்டிப்பார்த்தது ஏன்? அந்த வழக்கில் வென்றவர் யார், தோற்றவர் யார்? நூற்றைம்பது ஆண்டுகளை நெருங்கும் இவ்வேளையில் அதைத் திரும்பிப் பார்ப்பது, பள்ளிகளை நடத்தும் திருச்சபையினராகிய நமக்குப் பயன் தருவதாகும்.

மறைப்பணியாளரின் மகன்

ஹெர்மன் மியுல்லர் 1829-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியிலுள்ள மியூல்பெர்க் என்ற ஊரில் பிறந்தார். தந்தை புராட்டஸ்டாண்டு சபையின் மறைப்பணியாளர். அந்த வீட்டிலிருந்து இயற்கை அறிஞர் இருவர் தோன்றினர். ஹெர்மனுக்கு ஏழு ஆண்டு மூத்தவரான ஃபிரிட்ஸ், மருத்துவம் பயின்றும், கிறிஸ்தவ வாய்பாட்டில் அமைந்த உறுதிமொழியை எடுக்க மனச்சான்று இடந்தராததால், மருத்துவராகும் உரிமையைப் பெறாமலே போனார். 1852-இல் அவர் பிரேசில் நாட்டுக்குக் குடிபெயர்ந்து, புளூமெனாவ் என்ற ஜெர்மானியக் குடியேற்றத்தில் காடு திருத்தி வாழ்ந்தார். இளையவர் ஹெர்மனோ தாயகத்திலேயே தங்கி, ஹாலேயிலும் பெர்லினிலும் இயற்கை அறிவியல் கற்று, 1855-இல் லிப்ஷ்டாட் நகரத்துப் பள்ளிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். கிரேக்கத்தையும் இலத்தீனையும் தலைமேல் வைத்துப் போற்றிய அந்நாளில், நவீன மொழிகளுக்கும் அறிவியலுக்கும் மிகுந்த இடம் கொடுத்த புதுவகைப் பள்ளி அது. அந்தப் பணியிலேயே அவர் தம் வாழ்நாள் முழுவதையும் கழித்தார்.

பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடமோ செல்வர் ஒருவரின் ஆதரவோ அவருக்கு இருந்ததில்லை. வகுப்பு முடிந்த மாலைகளும் விடுமுறை நாட்களுமே அவருடைய ஆய்வுக் காலம். ஊரைச் சுற்றியுள்ள வயல்களும் வேலிகளும் குன்றுகளுமே ஆய்வுக்கூடம். தொடக்கத்தில் அவர் பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் படர்ந்து வளரும் பாசிச் செடிகளை ஆராய்ந்தார். வெஸ்ட்ஃபாலியாவின் பாசி வகைகளைத் தொகுத்து, அவை எந்த எந்த நிலத்தில் வளர்கின்றன என்பதைக் குறித்து 1864-இல் ஒரு நூலும் வெளியிட்டார். காலடியில் மிதிபடும் சிற்றுயிரைக் குனிந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கே வாய்த்தது எனலாம்.

அவருடைய பார்வையைப் பாசியிலிருந்து பூவுக்குத் திருப்பியது 1862-இல் சார்லஸ் டார்வின் எழுதி வெளியிட்ட ஆர்க்கிட் மலர்களைப் பற்றிய நூல். ஒரு மலரின் ஒவ்வொரு மடிப்பும், வந்து அமரும் பூச்சியின் உடலில் மகரந்தத்தை ஒட்டி அனுப்புவதற்கு ஏற்றவாறு அமைந்திருப்பதை அந்நூல் காட்டியது. படித்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், தம் ஊர்ப் பூக்களிடமே கேட்டுப் பார்க்க மியுல்லர் முடிவு செய்தார்.

முன்னோடியான மற்றோர் ஆசிரியர்

இங்கே நாம் ஒரு கணம் பின்னோக்கிச் செல்லவேண்டும். மலருக்கும் பூச்சிக்கும் உள்ள உறவை ஜெர்மனியில் முதன்முதலாக முறைப்படி ஆராய்ந்தவரும் ஒரு பள்ளியாசிரியரே. கிறிஸ்டியான் கொன்ராட் ஸ்பிரெங்கல் (1750-1816) பெர்லினுக்கு அருகே ஸ்பாண்டாவ் நகரிலிருந்த லூத்தரன் பள்ளியின் தலைமையாசிரியர். அவரும் மறைப்பணியாளர் ஒருவரின் மகன். 1787-ஆம் ஆண்டு கோடையில் காட்டு ஜெரானியப் பூவொன்றை உற்றுப் பார்த்தபோது, அதன் இதழ்களின் அடியில் மெல்லிய உரோமங்கள் இருப்பதைக் கண்டார். ஞானமுள்ள படைப்பாளர் ஓர் உரோமத்தைக்கூடக் காரணமின்றிப் படைத்திருக்கமாட்டார் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. ஆகவே அந்த உரோமம் எதற்காக என்று கேட்டார். மழைநீர் தேனில் கலந்துவிடாமல் காக்கவே அது அங்கே இருக்கிறது என்று கண்டார். அப்படியானால் தேன் எதற்காக? பூச்சியை அழைப்பதற்காக. பூச்சி எதற்காக? மகரந்தத்தைச் சுமந்து செல்வதற்காக. இவ்வாறு ஒரு கேள்வி மற்றொரு கேள்வியைப் பிறப்பிக்க, நானூற்றுக்கும் மேற்பட்ட செடியினங்களை ஆராய்ந்து 1793-இல் தம் பெருநூலை வெளியிட்டார்.

அந்நூலை அறிஞர் உலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெருங்கவிஞர் கதே போன்றோரும் அதன் கருத்தை ஏற்கவில்லை. பள்ளியிலோ, அவர் கடமையைக் கவனிப்பதில்லை என்று மேலதிகாரிகள் குறை கூறினர். அடுத்த ஆண்டே அவர் தலைமையாசிரியர் பணியைவிட்டு விலக நேர்ந்தது. 1816-இல் பெர்லினில் அவர் இறந்தபோது, அவரது நூலின் அருமையை அறிந்தவர் வெகு சிலரே. 1841-இல் டார்வின் அந்நூலைப் படித்து வியந்த பிறகே அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. ஸ்பிரெங்கலைத் தம் முன்னோடியாக மதித்துப் போற்றியவர்களுள் மியுல்லரும் ஒருவர்.

படைப்பாளரின் ஞானத்தை நம்பியதால் பூவை உற்றுப் பார்த்தவர் ஸ்பிரெங்கல். டார்வினின் பரிணாமக் கொள்கையை ஏற்றதால் பூவை உற்றுப் பார்த்தவர் மியுல்லர். இருவரும் புறப்பட்ட வாசல்கள் வேறு. ஆனால் சென்று சேர்ந்த தோட்டம் ஒன்றே.

மலரின் கணக்கு

மியுல்லர் கையாண்ட முறை சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். ஒரு பூவின் அருகில் அமர்ந்து, அதற்கு வரும் ஒவ்வொரு பூச்சியையும் இனங்கண்டு குறிப்பது. அது தேன் அருந்துகிறதா, மகரந்தம் திரட்டுகிறதா, அல்லது வேலை ஒன்றும் செய்யாமல் திருடிச் செல்கிறதா என்று பார்ப்பது. பூச்சியின் உறிஞ்சுகுழலின் நீளத்தையும் பூவின் குழலின் ஆழத்தையும் அளந்து ஒப்பிடுவது. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் அவர் திரட்டிய குறிப்புகளே 1873-இல் பூச்சிகளால் மலர்கள் கருவுறுவதைப் பற்றியும், இரண்டும் ஒன்றுக்கொன்று ஏற்ப அமைந்திருப்பதைப் பற்றியும் அவர் எழுதிய பெருநூலாக வெளிவந்தன.

அந்நூலின் சிறப்பு இரண்டு. முதலாவது, பூ மட்டும் பூச்சிக்கேற்ப அமையவில்லை, பூச்சியும் பூவுக்கேற்ப அமைந்துள்ளது என்று இருபக்க உறவை அவர் காட்டியது. தேனீக்களின் வாயுறுப்புகளையும் கால்களிலுள்ள உரோமங்களையும் எளிய குளவியினங்களோடு படிப்படியாக ஒப்பிட்டு, மலரைத் தேடித் தேடியே அவை எவ்வாறு மலருக்குரிய கருவிகளைப் பெற்றிருக்கக்கூடும் என்று அவர் விளக்கினார்.

இரண்டாவது, தம் ஆசான் டார்வினையே அவர் கண்மூடிப் பின்பற்றாதது. ஒரு பூவின் மகரந்தம் வேறொரு செடியின் பூவைச் சென்றடைவதே நன்மை என்று அந்நாளில் வற்புறுத்தப்பட்டது. தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பூக்களும் ஏராளமாக உண்டு என்பதையும், பூச்சி வராத இடத்தில் அதுவே அச்செடிக்கு வாழ்வளிக்கிறது என்பதையும் மியுல்லர் எடுத்துக்காட்டினார். மூவண்ண வயலட் போன்ற செடிகளில், பகட்டான பெரிய பூக்கள் பூச்சிகளை நம்பி வாழ, சிறிய மங்கலான பூக்கள் தம்மைத் தாமே நம்பி வாழ்வதை அவர் கண்டார். கொள்கை எவ்வளவு அழகாயினும், கண்ணெதிரே பூ வேறு சொல்லுமாயின், பூவின் பக்கமே அவர் நின்றார்.

பின்னர் அவர் பல கோடை விடுமுறைகளில் ஆல்ப்ஸ் மலைக்குச் சென்று, உயரம் கூடக்கூட மலர்களை நாடிவரும் பூச்சிகளில் வண்ணத்துப்பூச்சிகளின் பங்கும் கூடுவதைக் கண்டறிந்தார். ஆல்ப்ஸ் மலர்களைப் பற்றிய அந்நூல் 1881-இல் வெளிவந்தது. கடலுக்கு அப்பால் பிரேசில் காட்டிலிருந்து அண்ணன் ஃபிரிட்ஸ் அனுப்பிய குறிப்புகளும் தம்பியின் எழுத்துக்கு வளமூட்டின. அவற்றுள் ஒன்று நம் வாசகர்களுக்கு நெருக்கமானது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இன்று நம் வேலியோரங்களிலும் மலைக்காடுகளிலும் மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடியின் பூக்கொத்தை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். முதல் நாள் மஞ்சளாக இருக்கும் பூ, மறுநாள் ஆரஞ்சாகவும் அதற்கடுத்த நாள் ஊதாவாகவும் மாறுவதையும், வண்ணத்துப்பூச்சிகள் பெரும்பாலும் மஞ்சள் பூவிலேயே குழலை நுழைப்பதையும் ஃபிரிட்ஸ் 1877-இல் எழுதினார். பழைய பூக்கள் உதிராமல் நிறம் மாறி நிற்பதால் கொத்து தொலைவிலிருந்து பெரிதாகத் தெரிகிறது. அருகே வந்த பூச்சிக்கோ எந்தப் பூவில் தேன் உண்டு என்பதை நிறமே சொல்லிவிடுகிறது. ஒரு களைச்செடியின் ஒரு கொத்துப் பூவுக்குள் இவ்வளவு செய்தி!

வகுப்பறைக்குள் வந்த வழக்கு

இத்தகைய மனிதர் வழக்கில் சிக்கியது அவர் பார்த்து எழுதியதால் அன்று; பிறர் எழுதியதைப் படித்துக் காட்டியதால். எர்ன்ஸ்ட் கிரவுஸே என்பவர் காருஸ் ஸ்டெர்னே என்ற புனைபெயரில், உலகமும் உயிரும் தோன்றி வளர்ந்த வரலாற்றைப் பொதுமக்களுக்காக 1876-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதன் ஒரு பகுதியை மியுல்லர் தம் உயர்வகுப்பு மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினார். உயிரின் தோற்றத்தைக் கரிமப் பொருளின் இயல்பைக் கொண்டு விளக்க முயன்ற அப்பகுதியில், யோவான் நற்செய்தியின் தொடக்கத்தை நினைவூட்டும் வகையில், வாக்கு இருந்த இடத்தில் கரிமத்தை அமர்த்திய வரி ஒன்று இருந்தது.

அவ்வளவுதான். செய்தி ஊரெங்கும் பரவியது. பெற்றோரும் மறையாசிரியர்களும் கொதித்தெழுந்தனர். வெஸ்ட்ஃபாலியாவின் கத்தோலிக்கப் பத்திரிகை உலகம் கடுமையாகக் கண்டித்தது. நற்செய்தியின் திருவுரையைக் கேலி செய்யும் நூலைப் பிள்ளைகளின் காதில் ஓதலாமா என்பது கேள்வி. இறுதியில் பழமைவாத உறுப்பினர்கள் பொருளைப் பெர்லின் அவைக்கே கொண்டுசென்றனர்.

அந்நாளில் ஜெர்மன் அறிவுலகமே இக்கேள்வியால் பிளவுபட்டிருந்தது. 1877 செப்டம்பரில் மியூனிக் நகரில் கூடிய இயற்கை அறிஞர் மாநாட்டில், பரிணாமக் கொள்கையைப் பள்ளிகளில் அடிப்படைப் பாடமாக்க வேண்டும் என்று எர்ன்ஸ்ட் ஹெக்கல் முழங்கினார். சில நாட்களில் அதே மேடையில் மருத்துவ மேதை ருடோல்ஃப் ஃபிர்கோ எழுந்து, நிறுவப்பட்ட உண்மையை மட்டுமே பள்ளியில் கற்பிக்கலாம், அறிஞரிடையே இன்னும் கருதுகோளாக இருப்பதைப் பிள்ளைகளுக்கு உண்மையெனப் புகட்டக்கூடாது என்று எச்சரித்தார். ஃபிர்கோ திருச்சபையின் ஆதரவாளர் அல்லர் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். ஆகவே இது நம்பிக்கையாளருக்கும் நம்பிக்கையற்றோருக்கும் இடையே நடந்த வெறும் சண்டையன்று. எது கண்டது, எது கருதியது என்ற வேறுபாட்டை வகுப்பறையில் எவ்வாறு காப்பது என்பதே கேள்வியின் உயிர்நாடி.

மியுல்லரும் அதை உணர்ந்தார். 1879-இல் அவர் வெளியிட்ட தன்விளக்க நூலின் பெயரே பள்ளியில் கருதுகோளுக்குள்ள இடத்தைப் பற்றியதாக அமைந்தது. கல்வி அமைச்சர் ஆடல்பர்ட் ஃபால்க் அவையில் விடையளித்தார். மியுல்லர் பணியிலிருந்து நீக்கப்படவில்லை.

காயம்பட்டவர்களின் சினம்

கத்தோலிக்க மக்கள் ஏன் இவ்வளவு சினங்கொண்டனர்? அறியாமையால் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அது நீதியாகாது. மியுல்லர் பணி காத்த ஃபால்க் யார்? பிஸ்மார்க்கின் ஆட்சியில், கலாச்சாரப் போர் என்று வரலாறு அழைக்கும் ஒடுக்குமுறையின் சட்டங்களை வகுத்தவர் அவரே. 1872-இல் பள்ளிகளை மேற்பார்வையிடும் உரிமை திருச்சபையிடமிருந்து பறிக்கப்பட்டது. அதே ஆண்டு இயேசு சபையினர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 1873-இன் மே மாதச் சட்டங்கள் குருக்களின் கல்வியையும் நியமனத்தையும் அரசின் பிடிக்குள் கொண்டுவந்தன. 1875-இல், நோயாளருக்குப் பணிபுரிவோர் நீங்கலாக, துறவற சபைகள் கலைக்கப்பட்டன.

லிப்ஷ்டாட் நகரம் பாடர்போர்ன் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மறைமாவட்டத்தின் ஆயர் கொன்ராட் மார்ட்டின் 1874-இல் சிறையிடப்பட்டார். 1875-இல் பதவி பறிக்கப்பட்டதாக அரசால் அறிவிக்கப்பட்டு, பின் நாட்டைவிட்டுத் தப்பிச் சென்று, 1879 சூலையில் பெல்ஜியத்தில் அகதியாகவே உயிர்நீத்தார். மியுல்லரைப் பற்றிய விவாதம் பெர்லினில் நடந்தபோது, லிப்ஷ்டாட் கத்தோலிக்கரின் ஆயர் அந்நிய மண்ணில் தம் வாழ்வின் கடைசி மாதங்களைக் கழித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆயரை விரட்டிய அமைச்சரே, எங்கள் பிள்ளைகளுக்கு நற்செய்தியைக் கேலி செய்து காட்டிய ஆசிரியரைக் காக்கிறார் என்று அம்மக்கள் எண்ணியதில் வியப்பென்ன? காயத்தின்மேல் பட்ட விரல் மயிலிறகாயினும் வலிக்கும்.

இருந்தபோதிலும், வலி உண்மையென்பதால் வலியின் தீர்ப்பும் உண்மையென்று ஆகிவிடாது. 1870-ஆம் ஆண்டு முதல் வத்திக்கான் சங்கம் நம்பிக்கைக்கும் பகுத்தறிவுக்கும் இடையே மெய்யான முரண்பாடு இருக்கவே முடியாது என்று படிப்பித்திருந்தது. இரண்டும் ஒரே இறைவனிடமிருந்து வருவன என்பதே அதன் காரணம். அப்படியிருக்க, ஒரு வரியின் குத்தலைக் கண்டு வெகுண்டவர்கள், அவ்வாசிரியர் ஆண்டுக்கணக்கில் பூக்களுக்கருகே அமர்ந்து கண்டறிந்ததை நின்று நோக்கவில்லை. மறுபுறத்தில் ஒன்றையும் சொல்லவேண்டும். பூவின் குழலை அளந்து அளந்து பேசிய மியுல்லரின் எச்சரிக்கை, அவர் கையிலெடுத்த நூலின் அந்த வரியில் இல்லை. எவரும் காணாத உயிரின் தொடக்கத்தை அந்த வரி ஒரு விசுவாச அறிக்கையின் தொனியில் அறிவித்தது. அவர் எழுதிய பக்கங்களில் இருந்த அடக்கம், அவர் வாசித்த பக்கத்தில் இல்லை. சண்டை மூண்டதோ வாசித்த பக்கத்தைப் பற்றியே. எழுதிய பக்கங்களை எதிர்த்தரப்பினர் திறந்தும் பார்க்கவில்லை.

எடுத்துவிடப்பட்ட பாடம்

வழக்கில் ஆசிரியர் தப்பினார். ஃபால்க் அதே ஆண்டு சூலையில் பதவி விலகினார். பிஸ்மார்க்கும் திருச்சபையோடு சமாதானம் பேசத் தொடங்கினார். ஆனால் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது? 1882-இல் வெளியான பிரஷ்ய நாட்டுப் புதிய பாடத்திட்டத்தில், மேல்வகுப்புகளிலிருந்து தாவரவியல், விலங்கியல் பாடங்கள் நீக்கப்பட்டன. மொழிப் பாடங்களுக்கு நேரம் தேவை, பாடச்சுமை மிகுதி முதலிய காரணங்களும் இருந்தன என்பது மெய்யே. ஆயினும் லிப்ஷ்டாட் வழக்கு எழுப்பிய அச்சத்திற்கும் அதில் பங்குண்டு என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. 1908-இல்தான் அப்பாடங்கள் மேல்வகுப்புகளுக்குள் மீண்டும் நுழைய இசைவு கிடைத்தது. இருபத்தாறு ஆண்டுகள்! சிந்திக்கத் தொடங்கும் பருவத்தில், உயிரின் அறிவியலைப் பற்றி ஆசிரியரிடம் கேள்வி கேட்க வாய்ப்பே இல்லாமல் ஒரு தலைமுறை பள்ளியைவிட்டு வெளியேறியது.

பரிணாமக் கருத்து அதனால் மறைந்துவிட்டதா? இல்லை. வகுப்பறையில் பொறுப்புள்ள ஆசிரியரின் வாயால் கேட்கவேண்டியதை, இளைஞர்கள் வெளியே மலிவுப் பதிப்புகளில் படித்தனர். ஹெக்கல் 1899-இல் எழுதிய, சமயத்தை நேரடியாகத் தாக்கிய நூல் ஜெர்மனியில் இலட்சக்கணக்கில் விற்றது. பாடத்தை எடுத்துவிட்டால் கேள்வி போய்விடும் என்று எண்ணியவர்கள், வழிகாட்டியை மட்டுமே எடுத்துவிட்டனர். கேள்வி அப்படியே தங்கிவிட்டது.

பள்ளித் தாளாளராக அமரும் எந்தப் பங்குத்தந்தைக்கும் இந்த வரலாறு புதிதன்று. ஒரு பாடத்தில் சிக்கல் எழும்போது, ஒரு பெற்றோர் முறையிடும்போது, பாடத்தையே விட்டுவிடுங்கள் என்று ஆசிரியரிடம் சொல்வதே அமைதிக்கான குறுக்குவழியாகத் தோன்றும். கண்டதைக் கண்டதாகவும், கருதுவதைக் கருதுவதாகவும், நம்புவதை நம்புவதாகவும் பிரித்துச் சொல்ல ஆசிரியருக்குத் துணைநிற்பதே கடினமான வழி. ஆனால் அதுவே நேர்வழி.

திருச்சபையின் கண்களும் பார்த்தன

மியுல்லரின் காலத்திலேயே, ப்ரூன் நகரத்து அகுஸ்தீன் துறவு மடத்தின் தோட்டத்தில், கிரகோர் மெண்டல் பட்டாணிப் பூக்களில் தூரிகையால் மகரந்தம் தடவிக்கொண்டிருந்தார். அவரும் பள்ளியில் இயற்பியல் கற்பித்த ஆசிரியரே. 1866-இல் அவர் அச்சிட்ட கட்டுரை 1900 வரை கவனிப்பாரற்றுக் கிடந்தது. பின் மரபியல் என்ற அறிவியலுக்கே அது அடித்தளமாயிற்று. குருத்துவ உடையும் உற்றுநோக்கும் கண்ணும் ஒருவரிடமே அமையக்கூடும் என்பதற்கு அவர் சான்று.

மற்றொரு சான்று, இயேசு சபைக் குரு எரிக் வாஸ்மன் (1859-1931). சபை ஜெர்மனியிலிருந்து விரட்டப்பட்டிருந்த காலத்தில் நெதர்லாந்தில் அவர் சபையில் சேர்ந்தார். எறும்புப் புற்றுகளில் விருந்தினராக வாழும் பூச்சிகளை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தார். அந்த ஆய்வே அவரைப் பரிணாமக் கருத்தின்பால் இட்டுச் சென்றது. மனித ஆன்மாவைப் பற்றிய திருச்சபையின் படிப்பினையை விட்டுக்கொடுக்காமலே, உயிரினங்கள் மாறிவந்துள்ளன என்பதை அவர் ஏற்றார். 1907 பிப்ரவரியில் பெர்லினில் பெருங்கூட்டத்தின்முன் தம் நிலையை விளக்கி, எதிர்ப்பாளரோடு வாதிட்டார். 1879-இல் வெகுண்டெழுந்த மக்களின் திருச்சபையிலிருந்தே, ஒரு தலைமுறைக்குள், எறும்பைக் கையிலெடுத்துப் பேசும் ஒரு குரு எழுந்தார்.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இல் மனித உடலின் தோற்றத்தைப் பரிணாம நோக்கில் ஆராய்வதற்குத் தடையில்லை என்றார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996 அக்டோபரில் பாப்பிறை அறிவியல் கழகத்துக்கு விடுத்த செய்தியில், பரிணாமக் கொள்கை இப்போது வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்றார். அச்செய்தி வந்தபோது குருமடத்தில் இறையியல் பயின்றுகொண்டிருந்த எங்கள் தலைமுறைக்கு, தொடக்கநூலின் முதல் அதிகாரங்களை அச்சமின்றித் திறக்க அது துணைபுரிந்தது. எந்தச் சொல்லின் பொருட்டு லிப்ஷ்டாட் ஆசிரியர் அவையில் நிறுத்தப்பட்டாரோ, அதே 'கருதுகோள்' என்ற சொல்லையே நூற்றுப் பதினேழு ஆண்டுகளுக்குப்பின் திருத்தந்தை எடுத்தாண்டார்.

இறுதிப் பயணம்

1883 ஆகத்தில், மியுல்லர் வழக்கம்போல் கோடை விடுமுறையில் ஆல்ப்ஸ் மலைக்குப் புறப்பட்டார். தென் டைரோலிலுள்ள பிராட் என்ற ஊரில் ஆகஸ்டு 25-ஆம் நாள் காலமானார். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அதே ஆண்டு அவருடைய பெருநூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதை மொழிபெயர்த்தவர் பின்னாளில் உயிரியலில் புகழ்பெற்ற டார்சி தாம்ப்சன்; அப்போது அவர் இருபது வயதைக் கடந்த மாணவர். முன்னுரை எழுதியவர் 1882-இல் மறைந்த டார்வின். தம் கடைசி மாதங்களில் அவர் எழுதியவற்றுள் அதுவும் ஒன்று. மியுல்லரின் நூலை அடித்தளமாகக் கொண்டு, 1898 முதல் பல தொகுதிகளாக மலர் உயிரியல் கையேட்டை வெளியிடத் தொடங்கியவர் பவுல் க்னூட். அவரும் கீல் நகரத்துப் பள்ளியாசிரியர் என்பது கருதத்தக்கது.

மியுல்லர் எழுதிவைத்த பூச்சிப் பட்டியல்களுக்கு இன்று வேறொரு பொருளும் வந்துசேர்ந்துள்ளது. லிப்ஷ்டாட் அமைந்துள்ள அதே மாநிலத்தில், கிரேஃபெல்ட் நகரத்தின் பூச்சியியல் ஆர்வலர்கள் திரட்டிய தரவுகளைக் கொண்டு 2017-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஜெர்மனியின் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில், 1989 முதல் 2016 வரையிலான 27 ஆண்டுகளில், பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குறைந்துவிட்டதாக அது காட்டியது. உயிரின் தொடக்கத்தில் எது இருந்தது என்று அன்று அவையில் வாதிட்டோம். இன்று பூவின்மேல் எது இல்லாமற்போயிற்று என்று எண்ணிப் பார்க்கவேண்டிய நிலையில் இருக்கிறோம். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட படைப்பைப் பற்றிய சுற்றுமடல், கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்களின் அழிவையும் நம் கவலைக்குரியதாக்கியது.

ஆண்டவர் தம் சீடருக்கு இறைப்பராமரிப்பைக் கற்பிக்க விரும்பியபோது, காட்டுமலர்களைக் கவனிக்குமாறு சொன்னார். அம்மலர்களைப் பற்றி அவர்கள் என்ன கொள்கை உடையவர்கள் என்று முதலில் கேட்கவில்லை. ஸ்பாண்டாவின் நம்பிக்கையாளரும் லிப்ஷ்டாட்டின் பரிணாமவாதியும் அந்தப் பணியைத் தங்கள் தங்கள் வழியில் செய்தவர்கள். ஒருவர் அதைப் படைப்பாளரின் கைவண்ணம் என்றார். மற்றவர் அது நெடுங்காலப் பழக்கத்தின் விளைவு என்றார். ஒன்று யார் என்ற கேள்விக்கு விடை. மற்றொன்று எவ்வாறு என்ற கேள்விக்கு விடை. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டதே அந்நாளின் துயரம். அந்த மோதலின் விலையைச் செலுத்தியவர்கள் அவையில் பேசியவர்கள் அல்லர். தாவரவியல் பாடவேளை பறிபோன பிள்ளைகளே.

நம் பள்ளிகளில் இன்றும் ஒரு சிறுவன் பூவைப் பிய்த்துப் பார்த்து, 'இந்த முடி எதற்கு ஐயா?' என்று கேட்கக்கூடும். அக்கேள்விக்கு அஞ்சாமல் அவனோடு சேர்ந்து குனிந்து பார்க்கும் ஆசிரியரை, நம் பள்ளிகள் காத்துக்கொள்ளட்டும்.